ஜிலேபி கெண்டையின் கதையும் ரோஸ்மேரி லோ-மெக்கானலும்

நம்மூர் மீன் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஜிலேபி கெண்டையை எல்லோருக்கும் தெரியும். ஏரி, குளம், கண்மாய் என்று எங்கும் இருப்பதால் அது நம்ம ஊர் மீன் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆப்பிரிக்க மீன். திலேப்பியா குடும்பத்தைச் சேர்ந்த இந்த மீன் 1952-ல்தான் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில், இந்தத் திலேப்பியாக்கள் பிறந்த ஆப்பிரிக்க ஏரிகளில் படகேறி அவற்றின் வாழ்க்கையை ஆராய்ந்துகொண்டிருந்தார் ஓர் இளம்பெண். அவர்தான் ரோஸ்மேரி லோ-மெக்கானல்.

1921-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர் இவர். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, இரண்டாம் உலகப்போர் காலத்தில் விண்டர்மியர் ஏரிக்கரையில் இருந்த நன்னீர் உயிரியல் நிலையத்தில் விலாங்கு மீன்களை ஆராய்ந்தார். போர் முடிந்த 1945-ல் நியாசா ஏரியில் (இன்றைய மலாவி ஏரி) மீன்வள ஆய்வுக்காக ஆப்பிரிக்கா போனார். அப்போது வயது 24.

அந்த ஏரியில் 'சம்போ' என்று மீனவர்கள் பிடித்து விற்ற மீன் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும், அதில் பல இனங்கள் கலந்திருந்தன. முட்டையிடும் காலம், இடம், ஆண் மீனின் நிறம் ஆகியவற்றில் அவை வேறுபட்டதை ரோஸ்மேரி கவனித்துப் பதிவு செய்தார். ஒரே ஏரிக்குள் நெருங்கிய உறவுள்ள இனங்கள் எப்படிக் கலக்காமல் வாழ்கின்றன என்ற கேள்வி அங்கேதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அது கடைசிவரை விடவில்லை.

1948-ல் உகாண்டாவின் ஜின்ஜாவில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்க மீன்வள ஆராய்ச்சி அமைப்பில் சேர்ந்தார். விக்டோரியா ஏரியும் சுற்றியுள்ள ஏரிகளும் அவருடைய ஆய்வுக்களமாயின. அங்கே அவர் கண்ட ஒரு விஷயம் நமக்கும் நெருக்கமானது. பெரிய ஏரியில் நன்றாக வளர்ந்த பிறகே முட்டையிடும் அதே திலேப்பியா இனம், சிறிய தேங்குநீரில் மிகச் சிறிய அளவிலேயே முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. குளத்து ஜிலேபி ஏன் பெருகிக்கொண்டே போகிறது, ஆனால் பெரிதாவதில்லை என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது.

1953-ன் இறுதியில் ரிச்சர்ட் மெக்கானல் என்ற புவியியல் ஆய்வாளரை மணந்தார். பெண் அதிகாரிகள் திருமணமானால் பதவி விலக வேண்டும் என்பது காலனி அரசுப் பணியின் அப்போதைய விதி. ரோஸ்மேரிக்கும் வேலை போனது. ஆனால் ஆராய்ச்சியை அவர் விடவில்லை. கணவருடன் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போனபோது, அங்கே ருபுனுனி புல்வெளிகளின் மீன்களை ஆராய்ந்தார். மழைக்காலத்தில் வெள்ளம் பரவும்போது மீன்கள் புல்வெளிக்குள் போய் இரைதேடி இனம் பெருக்குகின்றன. கோடையில் சுருங்கிய குட்டைகளில் நெருக்கியடித்து உயிர் பிழைக்கின்றன. ஒரே குட்டையில் பகலில் ஒரு கூட்டம், இரவில் வேறொரு கூட்டம் நடமாடுகிறது.

1962-ல் இங்கிலாந்து திரும்பிய பின் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாமலே ஆய்வைத் தொடர்ந்தார். ஆப்பிரிக்க ஏரிகளையும் தென் அமெரிக்க ஆறுகளையும் ஒப்பிட்டு 1975-லும் 1987-லும் அவர் எழுதிய நூல்கள், வெப்பமண்டல நன்னீர் மீன் சூழலியலுக்கு அடிப்படை நூல்களாயின. 1982-ல் ரோஜர் புல்லினுடன் சேர்ந்து பதிப்பித்த தொகுப்பு, திலேப்பியா வளர்ப்போருக்கு வழிகாட்டியானது.

அவர் நேசித்த விக்டோரியா ஏரிக்கு நேர்ந்ததுதான் சோகம். 1950-களில் அங்கே நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீன் விடப்பட்டது. இது ஆபத்து என்று ஜெஃப்ரி ஃபிரையர் போன்ற விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். யாரும் கேட்கவில்லை. 1980-களில் நைல் பெர்ச் கட்டுக்கடங்காமல் பெருகியது. ஏற்றுமதி வியாபாரம் செழித்தது. ஆனால் உலகில் வேறெங்கும் இல்லாத நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்கள் அழிந்தன அல்லது அரிதாகிவிட்டன. ரோஸ்மேரி ஆராய்ந்த 'ங்கெகே' என்ற உள்ளூர்த் திலேப்பியாவும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நைல் திலேப்பியாவின் போட்டி உள்ளிட்ட காரணங்களால் முதன்மை ஏரியில் ஏறக்குறைய காணாமல் போனது.

இன்று அந்த ஏரி முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு அவருடைய பழைய குறிப்புகளும் ஒரு சாட்சி. 1997-ல் லண்டன் லின்னேயன் சங்கம் அவருக்கு லின்னேயன் பதக்கம் அளித்தது. 2014 டிசம்பரில், 93-ஆம் வயதில் காலமானார்.

அரசு விதி அவருடைய பதவியைத்தான் பறித்தது. கேள்வி கேட்பதை அதனால் நிறுத்த முடியவில்லை. அடுத்த முறை தட்டில் ஜிலேபி கெண்டை வறுவல் வரும்போது, அதன் கதையை அறிய ஆப்பிரிக்க ஏரியில் வலை போட்ட அந்தப் பெண்ணையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.