கட்டம் கட்டமா வந்த தமிழ்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா கீரனூர். புதுக்கோட்டைப் பக்கம் இருக்குற கீரனூர் இல்லீங்க, எங்களுது திண்டுக்கல் மாவட்டம், பழனிக்குப் பக்கம். பொட்டி தட்டுறவன் லீவுல வந்திருக்கான்னு தெரிஞ்சா போதும், எங்க வீட்டுத் திண்ணை சர்வீஸ் சென்டர் ஆயிடும். "தம்பி, போன் ஃபுல்லுன்னு காட்டுது", "வாட்ஸப் அப்டேட் கேக்குது, அமுக்கலாமா?" (குட்மார்னிங் ரோஜாப்பூவை எல்லாம் அழிச்சாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடும் :-))

இந்தத் தடவை அத்தை ஒண்ணு கேட்டாங்க. "ஏஞ்சாமி, எல்லாரும் தமிழ்லதான பேசுறாங்க. மெசேஜ் மட்டும் ஏன் இங்கிலீஷ் எழுத்துல வருது? அதைத் தமிழாக்குற ஆப்பு ஏதாச்சும் போட்டுக் குடேன்."

சிரிச்சுட்டேன். ஆனா ராத்திரி யோசிச்சா, அது சின்னக் கேள்வி இல்ல. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்கோங்க.

யூனிகோடின் முதல் பதிப்பு 1991-ல வந்தப்பவே தமிழுக்கு அதுல இடம் இருந்துச்சு. அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். ஆனா செல்போன் நமக்கு அவ்வளவு சுலபமா வழி விடல. ஒரு எஸ்எம்எஸ்ல 140 பைட்தான் போகும். ஆங்கிலத்துல அடிச்சா 160 எழுத்து, யூனிகோட் தமிழ்ல அடிச்சா வெறும் 70. அதுலயும் 'வணக்கம்'னா நமக்கு அஞ்சு எழுத்து. யூனிகோடுக்கு புள்ளியெல்லாம் தனிக் கணக்கு, மொத்தம் ஏழு. காசு கொடுத்து மெசேஜ் அனுப்புற காலத்துல எவன் தமிழ்ல அடிப்பான்? தங்கிலீஷ் அங்கயே வேர் விட்டுடுச்சு. மலேசியாவுல முத்து நெடுமாறன் உருவாக்கின செல்லினம் 2005 பொங்கல் சமயத்துல சிங்கப்பூர்ல வெளியாகி, போன்ல தமிழ் அடிக்க வழி காட்டுச்சு. ஆனா எங்க ஊர் வரைக்கும் அது வந்து சேரல.

முதல் ஆண்ட்ராய்டு போன் 2008-ல வந்துச்சு. அதுல தமிழ் எழுத்துரு கிடையாது. எழுத்துரு இல்லாத இடத்துல போன் என்ன பண்ணும்? வெறும் கட்டம் போடும். சரி, எழுத்துருவை மட்டும் உள்ளே தள்ளினா போதுமான்னா, அதுவும் பத்தாது. 'கெ'ன்னு எழுத கொம்பு முன்னாடி நிக்கணும். ஆனா யூனிகோட்ல சேமிக்கிற வரிசையில முதல்ல 'க', அப்புறம்தான் கொம்பு. படம் வரையும்போது அதை முன்னாடி கொண்டுவர தனியா ஒரு நிரல் வேணும். அது இல்லேன்னா கொம்பு பின்னாடி போய்த் தொங்கும். சில போன் கம்பெனிகள் தாங்களாவே தமிழ் சேர்த்தாங்க, மத்ததுல கட்டம்தான்.

அப்போ நம்ம மக்கள் வாய்வழியா பரப்பின வைத்தியம் ஒண்ணு உண்டு. ஓப்ரா மினியைத் திறந்து, முகவரிப் பட்டையில 'ஓப்ரா:கான்ஃபிக்'னு அடிச்சு, கடைசியில இருக்குற பிட்மேப் ஃபான்ட் சமாச்சாரத்துக்கு 'எஸ்' கொடுக்கணும். அவங்க சர்வரே எழுத்தைப் படமாக்கி அனுப்பிடும். பதிவு படிக்கலாம். ஆனா அந்த வைத்தியம் பிரவுசருக்கு மட்டும்தான். வாட்ஸப்ல அதே கட்டம்.

2011 அக்டோபர்ல வந்த ஆண்ட்ராய்டு 4.0-லதான் தமிழ் எழுத்துருவும், அதைச் சரியா கோக்குற நிரலும் ஒழுங்கா உள்ளே வந்துச்சு. யூனிகோட்ல எண் கிடைச்சு இருபது வருஷம் கழிச்சு! ஆனா ஏற்கெனவே வித்த 2.3 போன்கள் பலதுக்கும் அந்த அப்டேட் வரவே இல்ல. எங்கப்பா 2012-ல வாங்கினதும் அந்த ரகம்தான்.

2014-ல நான் இன்ஜினியரிங் படிக்க ஹாஸ்டல் போனப்போ அந்தப் போன் அம்மா கைக்கு வந்துச்சு. முதல் நாள், 'நல்லா இருக்கேன்மா'ன்னு தமிழ்ல அனுப்பினேன். அம்மாவுக்கு வந்தது வரிசையா கட்டம். உடனே போன் போட்டு, "நான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போலடா"ன்னாங்க. எனக்கும் காரணம் தெரியல. "சரி விடும்மா"ன்னு தங்கிலீஷுக்கு மாறிட்டேன். அம்மா எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். கையில கிடைக்குற வாரப் பத்திரிகையை அட்டை டு அட்டை படிக்கிறவங்க.

அத்தை கேட்ட கேள்வியைச் சொன்னப்போ, அம்மா சிரிச்சுட்டே உள்ளே போய் ஒரு பழைய பால் கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. கடைசிப் பக்கத்துல ஏ, பி, சி, டி. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல தமிழ் எழுத்து. 'எஸ்'ஸுக்கு நேரா ச, ஸ, ஷ. 'டி'க்கு நேரா த, ட ரெண்டும் போட்டு ஒரு கேள்விக்குறி. என் மெசேஜ் படிக்கிறதுக்காக பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட எழுதி வாங்கினதாம். "பல்லுன்னு எழுதுறியா பாலுன்னு எழுதுறியான்னே தெரியாதுடா, அப்புறம் சேர்த்துப் பாத்துக்குவேன்."

அம்மாவுக்கு 2017-ல புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். அதுல தமிழ் அழகா தெரியும். அதே வருஷம் கூகுள் கீபோர்டுல தமிழ்ல பேசினா டைப் ஆகுற வசதியும் வந்துடுச்சு. கட்டம் போய் இத்தனை வருஷம் ஆச்சு. நான் மட்டும் பழக்கத்துல தங்கிலீஷ்லயே அனுப்பிட்டு இருந்திருக்கேன். இதுக்கு எந்தக் கம்பெனியையும் திட்ட முடியாதுங்க.

அத்தை போன்ல தமிழ்க் கீபோர்டு போட்டுக் கொடுத்தேன். பஸ்ல திரும்பி வர்றப்போ அம்மாவுக்குத் தமிழ்ல அடிச்சேன், "ஒட்டன்சத்திரம் தாண்டிட்டேன்மா." பழக்கம் இல்லாததால மூணு தப்பு திருத்த வேண்டியிருந்துச்சு.

உடனே பதில் வந்துச்சு. "சரி சாமி. இப்பத்தான் ஒரே தடவையில படிச்சேன்."

டிஸ்கி: கட்டம் பாத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க, அம்மாவும் படிப்பாங்க :-)