அச்சும் கையும்

நம் அரிக்கமேட்டில் 1945 இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பாண்டங்களின் சிவப்பு ஓடுகள் கிடைத்தன. அந்த வகையில் பூவேலை உள்ள கிண்ணங்களை அச்சில் அழுத்திச் செய்வார்கள். கைதேர்ந்த ஒருவர் அச்சைச் செய்து கொடுத்தால் போதும். மற்றவர்கள் அதில் மண்ணை அழுத்தி, வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பேரப்பிள்ளைகள் செய்யும் கணினி வேலையிலும் இதே கதைதான். இணையப் பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி என்று குறித்துக் காட்டுவது எச்.டி.எம்.எல். 1990களின் தொடக்கத்தில், உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும் பக்கமென்றால், அதன் ஒவ்வொரு வரியையும் நிரலே எழுதித் தள்ளும். ஒரு சொல்லைத் திருத்தவும் நிரலரைத்தான் கூப்பிட வேண்டும். 1995 இல் ரஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. இதைத் திருப்பிப் போட்டது. பக்கம் முதலில் அச்சாக நிற்கும். மாறுகிற இடத்தில் மட்டும் நிரல் வரும்.

இதனால் தமிழுக்கு என்ன லாபம்? தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. அதன் மென்பொருளில் பொத்தான்களின் சொற்கள் நிரலோடு கலக்காமல் தனிப் பட்டியலாக இருந்தன. அதனால்தான் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், அமீரகத்தில் இருந்தபடியே அவற்றில் பெரும்பகுதியைத் தமிழாக்க முடிந்தது. கட்டுரைகளுக்கும் அச்சு உண்டு. அதற்கு அங்கே 'வார்ப்புரு' என்று அழகான பெயர். ஊரின் பெயர், மாவட்டம், மக்கள்தொகை ஆகியவற்றை நிரப்பினால் தகவல் பெட்டி தானே உருவாகும். நிரல் தெரியாத ஆசிரியரும் எழுதலாம்.

ஆனால் அச்சுக்கும் ஓர் எல்லை உண்டு. 'இது இருந்தால் அதைக் காட்டு' என்று வார்ப்புருவுக்குள்ளேயே கணக்குகளை அடுக்கியபோது, பெரிய பக்கங்கள் உருவாகவே நேரம் பிடித்தது. ஆகவே 2013 இல் விக்கிப்பீடியா, பிரேசிலில் பிறந்த லுவா என்ற நிரல்மொழியைக் கொண்டுவந்தது. கணக்கு நிரலுக்குப் போயிற்று. நிரப்பும் கட்டங்கள் எழுதுபவர் கையிலேயே இருந்தன.

அச்சா, நிரலா என்று இன்றும் வாதிடுகிறார்கள். எனக்குத் தோன்றும் உரைகல் ஒன்றே: எழுத்துப்பிழையைத் திருத்த, தமிழ் தெரிந்தவர் போதுமா, நிரலரும் வேண்டுமா? தமிழ் தெரிந்தவரே போதும் என்றிருந்த இடத்தில்தான் நம் மொழி வளர்ந்திருக்கிறது.