சந்தாப் பதிவேடு யார் கையில்?

ஆங்கிலத்திலே 'சப்ஸ்கிரைப்' என வழங்கும் சொல் இலத்தீன் மொழியினின்றும் வந்தது. 'கீழே எழுதுதல்' என்பதே அதன் மூலப்பொருள். ஒரு பத்திரத்தின் அடியிற் பெயரெழுதி, அதற்குத் தன்னைக் கட்டுப்படுத்திக் கொள்ளுதல் என்பது அதிற் பிறந்த பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்பாளர் இதனை நன்குணர்ந்திருந்தனர் போலும். உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூலை வாங்குவதாக முன்கூட்டியே ஒப்பிய அன்பர்களிடம் கையொப்பம் பெற்றே அச்சுச் செலவுக்கு வழி தேடினார். அத்தகையோரைக் 'கையொப்பக்காரர்' என்றே அக்காலத்தில் அழைத்தனர். 'சந்தாதாரர்' என்னும் சொல்லினும் இது உண்மைக்கு அண்மையானது என்பது எமது எண்ணம்.

இன்று யூரியூப் என்னும் காணொளித் தளம் தன் தமிழ்ப் பக்கங்களில் இதே செயலுக்குக் 'குழுசேர்' என்று பெயரிட்டிருக்கின்றது. கையொப்பமும் இல்லை, காசும் இல்லை. விரலால் ஒரு பொத்தானைத் தொட்டால் முடிந்தது. ஆனால், சேர்ந்த பின்னர் அங்கே குழு என்று ஒன்று உண்டா? இவ்வினாவுக்கு விடை காணச் சந்தாவின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

இங்கிலாந்திலே முதன்முதற் சந்தா முறையில் வெளிவந்த நூலாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது, ஜோன் மின்ஷூ 1617இல் வெளியிட்ட பன்மொழி அகராதியாகும். ஒரு நூற்றாண்டின் பின் அலெக்சாண்டர் போப், ஹோமரின் இலியட்டைத் தாம் மொழிபெயர்த்து 1715 முதல் 1720 வரை ஆறு பாகங்களாகச் சந்தா முறையிலேயே வெளியிட்டார். அதனால் அவருக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 5,000 பவுண் என்பர். பிரபுவின் வாசலிற் காத்துநின்று வாழ்ந்த புலவன், வாசகர் பலரின் ஆதரவில் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொண்டான். அவ்வாசகரிற் பலர் பிரபுக்களாகவே இருந்தனர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

சந்தா சாதாரண மக்களின் கைக்கு வந்து, ஓர் இயக்கமாகவே வளர்ந்த நிகழ்ச்சி இலண்டனில் 1936இல் நடந்தது. பாசிசம் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த அவ்வாண்டில், விக்டர் கொலன்ஸ் என்னும் வெளியீட்டாளர் இடதுசாரி நூற்கழகத்தை ஆரம்பித்தார். மாதந்தோறும் ஒரு நூல். விலை இரண்டு சிலிங் ஆறு பென்ஸ். குறைந்தது ஆறு மாதமாவது வாங்குவதாக உறுப்பினர் உறுதிகூறல் வேண்டும். கொலன்ஸ், ஜோன் ஸ்ட்ரேச்சி, ஹரல்ட் லஸ்கி ஆகிய மூவர் நூல்களைத் தெரிவு செய்தனர். எட்கார் ஸ்னோ சீனப் புரட்சியாளரைப் பற்றி எழுதிய நூலும், வட இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளரின் வாழ்வைப் பற்றி ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய நூலும் இவ்வழியே ஆயிரக்கணக்கான இல்லங்களுக்குச் சென்றன. 1939இல் உறுப்பினர் தொகை 57,000ஐ எட்டியது.

இத்தொகையினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. அவ்வுறுப்பினர் தத்தம் ஊர்களில் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட கலந்துரையாடற் குழுக்களை அமைத்துக்கொண்டனர். ஆசிரியரும் எழுதுவினைஞரும் தொழிலாளரும் மாலை வேளைகளிற் கூடி, அம்மாத நூலை வாதித்தனர். சந்தாப் பதிவேடு ஸ்பெயினுக்கு உதவி திரட்டும் பட்டியலாகவும் மாறிற்று. குறைகள் இல்லாமலில்லை. ஓர்வெலின் நூலுக்குத் தாமே மறுப்புரை போன்றதொரு முன்னுரை எழுதிச் சேர்த்தே கொலன்ஸ் அதனை உறுப்பினருக்கு அனுப்பினார். ஸ்பானிய யுத்தம் பற்றிய அவரது அடுத்த நூலை, எழுதப்படு முன்னரே வேண்டாமென்றார். கட்சிக் கண்ணோட்டம் கத்தரிக்கோலாக மாறியதற்கு இது சான்று. எனினும், கத்தரித்தவர் யார் என்பது உறுப்பினருக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கண்டிக்கலாம். பிடிக்காவிடின் ஆறு மாதத்தின் பின் விலகலாம். 1948இற் கழகம் மூடப்பட்டது.

2005ஆம் ஆண்டு பெப்ரவரியில், பேபால் கொம்பனியில் முன்னர் வேலைபார்த்த சாட் ஹேர்லி, ஸ்ரீவ் சென், ஜாவெட் கரீம் என்னும் மூவர் கலிபோர்னியாவில் யூரியூப்பைத் தொடங்கினர். ஏப்ரல் 23இல் ஏறிய முதற் காணொளி, விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின் முன்னே கரீம் நின்று சில சொற்கள் பேசுவது. இருபது விநாடிகூட இல்லை. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் கூகிள் அத்தளத்தை 165 கோடி டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆரம்ப ஆண்டுகளிற் சந்தா என்பது அங்கே ஒரு நேர்மையான பட்டியலாகவே இருந்தது. ஒருவர் தமக்குப் பிடித்த சனல்களைத் தெரிந்துகொள்வார். அவற்றில் எது புதிதாக வந்தாலும் காலவரிசைப்படி அவர் முன் வந்து நிற்கும்.

அக்காலத்து இணையத்தின் பொதுப் பண்பும் அதுவே. 1999இல் உருவான ஆர்.எஸ்.எஸ். என்னும் பொது முறைமையால், எந்தத் தளத்தின் புதிய பதிவையும் எவரும் தம் சொந்தப் பட்டியலிற் சேர்த்து வாசிக்க முடிந்தது. (பெயரைக் கண்டு மருளவேண்டாம், இந்திய அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அம்முறைமையின் வளர்ச்சியிற் பங்குகொண்டவர்களுள் ஏரன் சுவாட்ஸ் என்னும் பதின்வயதுச் சிறுவனும் ஒருவன். பிற்காலத்தில் ஆய்வுக் கட்டுரைகளைப் பெருமளவிற் பதிவிறக்கியதற்காக வழக்குத் தொடரப்பட்ட நிலையில், 2013 ஜனவரியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு ஜூலையில், இத்தகைய பட்டியல்களை வாசிக்கப் பலர் பயன்படுத்திய 'ரீடர்' என்னும் சேவையைக் கூகிள் மூடிவிட்டது.

மாற்றத்தின் வேரை 2012இற் காணலாம். எத்தனை பேர் பார்த்தனர் என்பதிலும் பார்க்க, எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதையே அளவுகோலாகக் கொள்ள யூரியூப் அவ்வாண்டில் முடிவு செய்தது. நாளொன்றுக்கு நூறு கோடி மணித்தியாலம் மனிதர் பார்க்க வேண்டும் என்பது அதன் இலக்கு. 2016இல் அந்த இலக்கு எட்டப்பட்டது. விளம்பரம் விற்பவனுக்கு வாசகனின் விருப்பம் சரக்கன்று. அவனது நேரமே சரக்கு. சந்தாப் பட்டியலுக்கோ ஒரு முடிவுண்டு: வந்தவற்றைப் பார்த்து முடித்தால் எழுந்து போகலாம். சிபாரிசுக்கு முடிவில்லை. ஆகவே பட்டியல் பின்னே போக, சிபாரிசு முன்னே வந்தது. பார்க்கப்படும் நேரத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட பங்கு சிபாரிசினால் விளைவது என, அக்கொம்பனியின் உயர் அதிகாரி நீல் மோகன் 2018 ஜனவரியிற் சொன்னார்.

பட்டியல் எவ்வாறு மெலிந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். சந்தா செய்த சனல்களைச் சமையல், சங்கீதம், விஞ்ஞானம் என வகைப்படுத்தி வைக்க ஒரு வசதி இருந்தது; 2015இல் அதனை எடுத்துவிட்டனர். பின்னர் மணிச் சின்னம் வந்தது. சந்தா செய்தது போதாது. புதியது வந்ததென்று உடனே அறிய வேண்டுமாயின், மணியையும் அழுத்தி 'அனைத்தும்' என்று தெரிவு செய்ய வேண்டும். கையொப்பமிட்டவன் தன் கையொப்பம் மெய்யானதுதான் என்று இரண்டாவது கையொப்பம் இடுவதை ஒக்கும் இது! 2018 மே மாதத்தில், சந்தாப் பக்கத்தையே காலவரிசையினின்று மாற்றிக் கணினியின் கணிப்புப்படி அடுக்கும் பரிசோதனையொன்று சிலரிடத்து நடத்தப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிற்று.

சிபாரிசினால் நன்மையே இல்லை என்று நாம் வாதிக்க வரவில்லை. எவருக்கும் தெரியாத ஒரு கிராமத்துப் பாடகியை அது பல்லாயிரம் பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடக் கூடும். நானூறு சனல்களுக்குச் சந்தா செய்தவர் அவை அனைத்தையும் பார்த்தலும் இயலாது. ஆனால் இடதுசாரி நூற்கழகத்தில் தெரிவு செய்த மூவரையும் நாம் பெயர் சொல்லி அறிவோம். இங்கே தெரிவு செய்வது ஒரு கணக்கு. அதன் விதிகள் கொம்பனியின் இரகசியம். அது பிழைத்தால் எவரை விளித்துக் கடிதம் எழுதுவது?

இவ்வாறு சந்தா வலுவிழந்த அதே காலத்தில், சந்தாவின் எண்ணிக்கை மட்டும் பூதாகாரமாக வளர்ந்தது. ஓர் இலட்சம் பேர் சேர்ந்தால் வெள்ளிப் பட்டயம். பத்து இலட்சமாயின் பொற்பட்டயம். ஆயிரம் சந்தாவும், ஓராண்டில் 4,000 மணித்தியாலப் பார்வையும் இல்லாதோருக்கு விளம்பர வருவாயிற் பங்கில்லை என்று 2018 ஜனவரியில் விதிக்கப்பட்டது. அன்றுவரை சில்லறை பெற்றுவந்த சிறு சனல்கள் பல வெளியே தள்ளப்பட்டன. ஒவ்வொரு காணொளியின் இறுதியிலும் சந்தா செய்யுமாறு இரந்து நிற்கும் குரலைக் கேட்டு நாம் சலித்துக்கொள்கின்றோம். அக்குரலின் பின்னால் இந்த விதி நிற்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. 2019இல் இந்தியாவின் ரி-சீரிஸ் கொம்பனி, சுவீடன் நாட்டு இளைஞரொருவரின் சனலை முந்திப் பத்துக் கோடிச் சந்தாவை முதன்முதலிற் கடந்தபோது உலகமே அதனைக் குதிரைப் பந்தயம் போலப் பார்த்து மகிழ்ந்தது.

இனி, கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தம் பாடங்களை ஒரு சனலிற் பல ஆண்டு ஏற்றி, பத்தாயிரம் மாணவரைச் சேர்த்துள்ளார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருப்பது ஓர் எண் மட்டுமே. தம் சந்தாவைப் பகிரங்கப்படுத்தியோரின் பெயர்களை அவர் காணலாம். அதற்கப்பால் முழுப் பட்டியல் அவருக்கில்லை. சந்தாவைப் பிறர் அறியாது வைத்துக்கொள்ளும் உரிமை மாணவருக்கு வேண்டியதே. ஆனால், அப்பட்டியல் ஆசிரியருக்கும் மாணவருக்கும் மறைக்கப்பட்டுக் கொம்பனிக்கு மட்டும் திறந்திருக்கின்றது. ஒரு நாள் சனல் நீக்கப்படுமாயின் அந்தப் பத்தாயிரவருள் ஒருவருக்கேனும் அவர் தகவல் அனுப்ப வழியில்லை. மாணவரும் ஒருவரையொருவர் அறியார். குழுசேர்ந்தோர் பத்தாயிரம், குழு ஒன்றுமில்லை.

வாசகர் செய்யக்கூடியன சிலவுண்டு. முகப்புப் பக்கத்தை விடுத்துச் சந்தாப் பக்கத்தினூடாக நுழைந்தால், நாம் தெரிந்தெடுத்த சனல்களையே காணலாம். எல்லாச் சனல்களையும் காட்டும் பகுதிக்குச் சென்று, பயனற்றவற்றை ஒவ்வொன்றாக நீக்கலாம். வேண்டியவற்றுக்கு மட்டும் மணியைத் திறந்து வைக்கலாம். ஒவ்வொரு சனலுக்கும் ஆர்.எஸ்.எஸ். முகவரியொன்றும் உண்டு. அதனை யூரியூப் விளம்பரப்படுத்துவதில்லை, அறிந்தவர் பயன்படுத்துகின்றனர். கூகிள் கணக்கிலுள்ள தரவுகளைப் பதிவிறக்கும் 'ரேக்கவுட்' சேவை மூலம் நமது சந்தாப் பட்டியலைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும். அது ஓர் எளிய அட்டவணையாக வரும். அதில் மூன்று நிரல்கள் உள்ளன: சனலின் அடையாள எண், அதன் இணைய முகவரி, அதன் பெயர்.