ஓடும் வாகனத்திலும் அறுபடாத தொடர்பு

கையடக்கத் தொலைபேசிச் சேவை பற்றிய விளம்பரங்கள் பெரும்பாலும் வேகத்தையே முன்னிறுத்துகின்றன. ஆனால் அந்த உச்ச வேகம், ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் பாவனையாளருக்கே கைகூடக்கூடியதாகும். பஸ்ஸிலோ ரயிலிலோ செல்பவருக்கும், நோயாளியின் நிலையை வைத்தியசாலைக்கு அறிவித்தவாறு விரையும் நோயாளர் காவு வண்டியினருக்கும் முதலில் தேவைப்படுவது அறுபடாத தொடர்பேயாகும். வேகமும் நம்பகத்தன்மையும் ஒன்றல்ல என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இன்றைய கம்பியில்லா வலையமைப்புகள் பல அன்டெனாக்களை ஒருங்கே பயன்படுத்துகின்றன. ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பல தரவுத் தொடர்களை வெவ்வேறு பாதைகளினூடாக அனுப்புவதே இதன் அடிப்படையாகும். தமிழ்நாட்டின் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கைலாத்துடன் இணைந்து இதற்கான காப்புரிமையை 1994 இல் பெற்றார். 2014 இல் அவருக்கு மார்க்கோனிப் பரிசு வழங்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. ஐந்தாம் தலைமுறைக் கோபுரங்கள் பலவற்றில் இன்று 64 தனித்தனி அலைபரப்பல் வழிகளைக் கொண்ட அன்டெனாப் பலகைகள் பொருத்தப்பட்டுள்ளன.

இவை அலையைக் கற்றையாக்கிப் பாவனையாளரை நோக்கிச் செலுத்துகின்றன. அதற்கு, இடையிலுள்ள பாதையின் தன்மையைக் கோபுரம் முன்கூட்டியே அளந்தறிய வேண்டும். சிக்கல் இங்கேதான் எழுகின்றது. 3.5 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 8.6 சென்ரிமீற்றராகும். அதில் பாதியளவு தூரம் நகர்ந்தாலே, வலுவாயிருந்த சமிக்ஞை நலிந்துவிடக்கூடும். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் நடப்பவர் அத்தூரத்தைக் கடக்க 31 மில்லிசெக்கன்கள் செல்லும். 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் பஸ்ஸுக்கு 2.6 மில்லிசெக்கன்களும், 300 கிலோமீற்றர் வேக ரயிலுக்கு அரை மில்லிசெக்கனுமே போதுமானவை. கோபுரம் அளந்தறிந்த தகவல் பயன்படுத்தப்படுமுன்பே பழையதாகிவிடுகின்றது. வீடு மாறிச் சென்றவருக்குப் பழைய முகவரியில் அனுப்பிய கடிதத்தின் கதைதான் இது. அத்துடன், திசை தவறிய கற்றை ஏனைய பாவனையாளர்களுக்கும் இடையூறாகின்றது.

இதற்குப் பரிகாரங்கள் உள்ளன. அடிக்கடி அளவிடலாம், ஆனால் அது தரவுக்குரிய நேரத்தை விழுங்கும். பாதை எவ்வாறு மாறும் என்பதைக் கணித்து முன்னுரைக்கலாம். வேகம் கூடக்கூட அக்கணிப்புப் பிசகும். மற்றொரு வழி, ஒரே தகவலைப் பல அன்டெனாக்களினூடாக அனுப்புவதாகும். ஒரு பாதை தவறினாலும் மற்றொன்று கைகொடுக்கும். பாதையை முன்கூட்டியே அறியாமல் இரு அன்டெனாக்களினால் இதனைச் செய்யும் எளிய முறையை அலமூட்டி என்பவர் 1998 இல் வெளியிட்டார். ஆயினும் இதற்கு விலை உண்டு. நம்பகத்தன்மை, வேகம் ஆகிய இரண்டையும் ஒருங்கே உச்சத்துக்குக் கொண்டுசெல்ல முடியாது என்பதை செங், சே ஆகிய ஆய்வாளர்கள் 2003 இல் கணித ரீதியாக நிறுவினர்.

ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கணமும் ஆபத்தானதே. இதனைக் குறைப்பதற்காக, அதிவேக ரயில் பாதைகளில் அடுத்தடுத்துள்ள பல அன்டெனா நிலையங்கள் ஒரே வலயமாக இணைக்கப்படுகின்றன. மாறவேண்டிய நிபந்தனையைத் தொலைபேசிக்கு முன்பே அறிவித்துவைக்கும் முறையும் 2020 இல் நியமங்களில் சேர்க்கப்பட்டது.

சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017 இல் ஐந்தாம் தலைமுறைக்கு வகுத்த தேவைகளும் இவ்வுண்மையை ஏற்கின்றன. கட்டடத்தினுள் 10 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு ஹேர்ட்ஸுக்குச் செக்கனுக்கு 1.5 பிட் எதிர்பார்க்கப்பட, 500 கிலோமீற்றர் வேகத்தில் 0.45 பிட் போதுமெனக் கொள்ளப்பட்டுள்ளது.

நியமமே இவ்வாறு வெளிப்படையாகக் கூறுகையில், சேவை வழங்குநர்களும் அதனை மறைக்க வேண்டியதில்லை. ஓடும் வாகனத்தில் அழைப்புகள் எத்தனை அறுபடுகின்றன என்பதை அளந்து பகிரங்கப்படுத்துமாறு ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் பணிக்க வேண்டும். ஆபத்து வேளையில் மக்களுக்குக் கைகொடுப்பது விளம்பரத்தில் காணும் உச்ச வேகமன்று; இடையில் அறுபடாத தொடர்பேயாகும்.