அமெரிக்கக் குறுந்தடக் கார்ப் பந்தயங்களில் ஓட்டுநர் பாதுகாப்பு: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மைலுக்குக் குறைவான நீள்வட்டத் தடங்களில் நடைபெறும் கார்ப் பந்தயங்கள் குறுந்தடப் பந்தயங்கள் எனப்படுகின்றன. அமெரிக்கச் சிற்றூர்களின் வாரஇறுதிப் பொழுதுபோக்காக வேரூன்றிய இப்பந்தயங்களில், ஓட்டுநரின் உயிர் காக்கும் கருவிகளும் விதிகளும் எவ்வழியில், எவ்வேகத்தில் நடைமுறைக்கு வந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாதுகாப்பு விதிகள் உயிரிழப்புகளைத் தொடர்ந்தே பிறந்தன என்பது பொதுவான கருத்து. அக்கருத்து முழுமையானதன்று. ஒரு பாதுகாப்பு முறையை யார் செய்ய முடிந்தது, அதன் செலவை யார் ஏற்றனர் என்பவையே அது உள்ளூர்த் தடங்களைச் சென்றடைந்த காலத்தைப் பெரிதும் தீர்மானித்தன என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: குறுந்தடப் பந்தயம், பாதுகாப்புக் கூண்டு, ஹான்ஸ் கருவி, ஒழுங்காற்று அமைப்பு, பொறுப்புத் துறப்பு.

1. முன்னுரை

1896 செப்டம்பரில் ரோட் ஐலண்டு மாநிலத்தின் கிரான்ஸ்டன் நகரில், நாரகான்செட் பூங்காவின் ஒரு மைல் குதிரைப் பந்தயத் தடத்தில் மோட்டார் வண்டிகள் போட்டியிட்டன. அமெரிக்காவில் மூடிய தடமொன்றில் நடந்த முதல் கார்ப் பந்தயமாக இது கருதப்படுகிறது. குதிரைகளுக்காக அமைக்கப்பட்ட தடத்தில் கார் ஓடியது என்னும் இச்செய்தி, பின்வந்த வரலாற்றுக்குத் திறவுகோலாக அமைகிறது. மாவட்டக் கண்காட்சித் திடல்களின் அரைமைல் மண் தடங்களும், அவற்றைச் சுற்றியிருந்த மரவேலிகளும், எழும் புழுதியும் புதிய வேகத்திற்கு ஏற்பத் திருத்தப்படாமலேயே கார்ப் பந்தயத்தின் உடைமையாயின.

1933இல் கலிபோர்னியாவில் மிட்ஜெட் எனப்படும் சிறு கார்களின் பந்தயம் தொடங்கியபோது, தடம் மேலும் சுருங்கி விளையாட்டரங்குகளுக்குள் புகுந்தது. 1949 முதல் நாஸ்கார் அமைப்பின் பந்தயங்கள் நடைபெற்றுவரும் வட கரோலினாவின் போமன் கிரே அரங்கம், கால்பந்துத் திடலைச் சுற்றிய கால்மைல் தடமாகும். உழவர், இயந்திரப் பணியாளர், சிறு வணிகர் ஆகியோர் தம் ஓய்வு நேரத்தில் கார் கட்டி ஓட்டிய களங்கள் இவை. தொழில்முறை ஓட்டுநர்கள் இங்கிருந்தே உருவாயினர் எனினும், ஓட்டியவர்களுள் பெரும்பான்மையோர் இதனால் பிழைத்தவர் அல்லர், இதற்காகச் செலவிட்டவர்கள்.

2. விபத்தின் இயல்பு

குறுந்தடத்தில் வேகம் பெருந்தடத்தைவிடக் குறைவு. எனவே ஆபத்தும் குறைவு என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. ஆயினும் ஓட்டுநரின் உடலைத் தாக்குவது கார் ஓடிய வேகம் மட்டுமன்று; அவ்வேகம் எவ்வளவு குறுகிய நேரத்தில் அழிகிறது என்பதும் ஆகும். காங்கிரீட் சுவரில் மோதிய கார் நொடியின் சிறு பின்னத்தில் நின்றுவிடுகிறது. தோள்பட்டை வார்களால் கட்டப்பட்ட உடல் காருடன் நிற்க, கட்டப்படாத தலை முன்னோக்கிப் பாய்கிறது. இதனால் மண்டையோட்டின் அடித்தளம் முறிகிறது. கார்கள் எப்போதும் இடப்புறமே திரும்புவதால், கட்டுப்பாடு இழந்த கார் வெளிச்சுவரை நோக்கியே எறியப்படுகிறது.

சக்கரங்கள் திறந்தநிலையில் உள்ள ஸ்பிரிண்ட், மிட்ஜெட் வகைக் கார்களில் வேறோர் ஆபத்தும் உண்டு. முன்செல்லும் காரின் சக்கரத்தைப் பின்வரும் காரின் சக்கரம் தொட்டால், பின்வரும் கார் மேலே தூக்கி எறியப்பட்டுப் பலமுறை உருள்கிறது. தடம் குறுகியதாகவும் கார்கள் நெருங்கியும் இருப்பதால், நின்றுபோன காரின் மீது அடுத்துவரும் கார் மோதுவதும் நிகழ்கிறது.

3. ஒழுங்காற்று அதிகாரத்தின் சிதறல்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஏ.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் முதன்மைப் பந்தயங்களை மேற்பார்வையிட்டது. அதன் ஒப்புதல் இன்றி நடந்த பந்தயங்கள் ‘அவுட்லா’ பந்தயங்கள் எனப்பட்டன. உள்ளூர்த் தடங்களுள் மிகப்பல இவ்வகையின. 1978இல் தோன்றிய ஸ்பிரிண்ட் கார்த் தொடர் ‘வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ்’ என்று இப்பெயரையே பெருமிதத்துடன் சூடிக்கொண்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

1955 மே 30இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் பில் வுகோவிச் இறந்தார். அடுத்த மாதம் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் பார்வையாளர் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டிலேயே ஏ.ஏ.ஏ. பந்தய மேற்பார்வையைக் கைவிட்டது. அதன் இடத்தை நிரப்ப யூசாக் என்னும் புதிய அமைப்பு தோன்றியது; நாஸ்கார் தன் களத்தில் தனித்து வளர்ந்தது; எஞ்சிய தடங்கள் தத்தம் வட்டாரச் சங்கங்களின் கீழோ, தட உரிமையாளரின் விருப்பத்தின் கீழோ இயங்கின.

1966 செப்டம்பர் 9ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தேசியப் போக்குவரத்து, மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். சாலையில் ஓடும் காரின் பாதுகாப்பு அதன்வழி அரசின் பொறுப்பாயிற்று. பந்தயத் தடமோ அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. தடத்தின் உட்பகுதிக்குள் நுழையும் ஓட்டுநர் பொறுப்புத் துறப்பு ஆவணத்தில் கையொப்பமிடுவது வழக்கமாயிற்று. நேரக்கூடிய இடரை அறிந்து ஏற்பதாக அவர் எழுதிக்கொடுத்த நிலையில், பாதுகாப்பின் சுமை பெரும்பாலும் அவர் தோளிலேயே விழுந்தது.

4. பட்டறையில் பிறந்த கூண்டு

1958 இண்டியானாபொலிஸ் பந்தயத்தின் முதற்சுற்றில் பேட் ஓகானர் இறந்ததைத் தொடர்ந்து, யூசாக் 1959இல் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் எஃகு வளைவு ஒன்றைத் தன் முதன்மைத் தொடரில் கட்டாயமாக்கியது. எனினும் கார் உருளும்போது ஒற்றை வளைவு போதுமானதன்று என்பதை 1966ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஜூன் 11இல் பென்சில்வேனியாவின் ரெடிங் தடத்தில் ஜட் லார்சனும் ரெட் ரீகலும் ஒரே விபத்தில் இறந்தனர். நவம்பர் 12இல் கலிபோர்னியாவின் ஆஸ்காட் பார்க் தடத்தில் டான் பிரான்சனும் டிக் ஆட்கின்சும் அவ்வாறே மாண்டனர். இரண்டும் அரைமைல் மண் தடங்கள். இரண்டும் ஸ்பிரிண்ட் கார்ப் பந்தயங்கள். நாடு சாலைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிய அதே ஆண்டில் இவை நிகழ்ந்தன.

ஓட்டுநரை நாற்புறமும் சூழும் முழுக்கூண்டு அப்போது அறியப்படாத பொருளன்று. பழைய பயணக் கார்களைத் திருத்தி ஓட்டிய உள்ளூர் ஓட்டுநர்கள், எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து அதனைத் தம் பட்டறைகளிலேயே முன்னதாகச் செய்துகொண்டிருந்தனர். தயங்கியது மேல்நிலை அமைப்பே. திறந்த காரின் மரபழகு கெடும் என்ற எண்ணமும், கூண்டுக்குள் ஒளிவது வீரத்துக்கு இழுக்கு என்ற மனப்பான்மையும் அத்தயக்கத்திற்குக் காரணங்களாயின. 1970களின் தொடக்கத்திலேதான் யூசாக்கின் ஸ்பிரிண்ட் கார்களில் கூண்டு நிலைபெற்றது. பாதுகாப்பு மேலிருந்து கீழே வருகிறது என்ற வழக்கமான பார்வைக்கு இது மாறானது. குழாயும் பற்றவைக்கும் கருவியும் பயிற்சியும் உள்ளூர்ப் பட்டறையில் இருந்தமையால் இம்முறை கீழிருந்து மேலே சென்றது.

ஆனால் பட்டறை அறிவுக்கும் எல்லை இருந்தது. 1985 அக்டோபர் 24இல் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் பயிற்சி ஓட்டத்தின்போது ரிச்சி எவன்ஸ் இறந்தார். நாஸ்கார் மாடிஃபைடு வகைப் பந்தயத்தில் அவர் ஒன்பதுமுறை தேசிய வாகையர். அவர் மறைவை ஒட்டி, அவ்வகைக் கார்களின் சட்டகம் மிகையாக விறைத்திருக்கிறதோ என்ற கேள்வி எழுந்தது. சட்டகம் நசுங்காவிட்டால், மோதலின் விசையை ஓட்டுநரின் உடலே ஏற்க நேர்கிறது. உறுதியே பாதுகாப்பு என்று கண்ணால் அளந்த அறிவு இங்குப் போதவில்லை. விசையை அளக்கும் ஆய்வகம் தேவைப்பட்டது.

5. ஆய்வகமும் விலையும்

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிர்விசையியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டு, பந்தய ஓட்டுநரான தம் மைத்துனர் ஜிம் டவுனிங்குடன் இணைந்து 1980களில் ஹான்ஸ் கருவியை உருவாக்கினார். தோளில் அமரும் பட்டையுடன் தலைக்கவசத்தை வார்களால் பிணைத்து, மோதலின்போது தலை முன்பாய்வதை இது தடுக்கிறது. 1981இல் மிட்-ஒகையோ தடத்தில் இவர்களின் நண்பர் பேட்ரிக் ஜாக்மார் இறந்ததே இம்முயற்சிக்குத் தூண்டுதல். 1980களின் முடிவிலேயே மோதல் சோதனைகள் இதன் பயனைக் காட்டின. ஆயினும் அடுத்த பத்தாண்டுகளில் இதனை அணிந்தோர் மிகச் சிலரே.

2000ஆம் ஆண்டில் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் ஆகியோர் நாஸ்காரின் தேசியத் தொடர்களில் இறந்தனர். 2001 பிப்ரவரி 18இல் டேட்டோனாவில் டேல் எர்ன்ஹார்டு இறந்தபோது நாடே அதிர்ந்தது. அப்போதும் கட்டாய விதி வரவில்லை. அக்டோபர் 4இல் சார்லட்டில் நடந்த ஆர்கா பந்தயத்தில் பிளேஸ் அலெக்சாண்டர் இறந்த பின்னரே, அம்மாதம் 17ஆம் நாள் நாஸ்கார் தன் தேசியத் தொடர்களில் தலை, கழுத்துப் பிடிப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது.

இவ்விதி உள்ளூர்த் தடங்களுக்குத் தானாகச் செல்லவில்லை. பல தடங்களில் இக்கருவி நெடுநாள் ‘பரிந்துரைக்கப்படுவது’ என்ற நிலையிலேயே இருந்தது. தொடக்கத்தில் அதன் விலை ஆயிரம் டாலர் அளவில் இருந்தது; தொடக்கநிலைப் பிரிவுகளில் வெற்றி பெற்றவரின் பரிசோ சில நூறு டாலர்களே. கட்டாயமாக்கினால் ஓட்டுநர் எண்ணிக்கை குறையும் என்பது தட உரிமையாளரின் அச்சம். ஓட்டுநர் குறைந்தால் பார்வையாளரும் குறைவர்.

சுவர் குறித்த வரலாறும் இத்தகையதே. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் தலைமையில் உருவாக்கப்பட்ட, எஃகுக் குழாயும் நுரைப்பொருளும் கொண்ட சேஃபர் தடுப்புச் சுவர் 2002 மே மாதம் இண்டியானாபொலிசில் முதலில் அமைந்தது. குறுந்தடங்களுள் பிரிஸ்டல், மார்ட்டின்ஸ்வில் போன்ற, தொலைக்காட்சி வருவாயுள்ள தேசியத் தொடர் நடைபெறும் தடங்கள் அதனைப் பெற்றன. வார இறுதித் தடங்களுள் மிகப்பல காங்கிரீட் சுவருடனோ மண்மேட்டுடனோ நின்றன. கருவியை ஓட்டுநர் தம் பணத்தில் வாங்கிக்கொள்ளக்கூடும். சுவரை அவரால் வாங்க இயலாது. மோதலின் விசையைத் தணிப்பதில் பெரும்பங்கு ஆற்றும் முறை, ஓட்டுநரின் கைக்கு எட்டாத முறையாக இருப்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது.

6. செலவற்ற விதி

2014 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு, நியூயார்க் மாநிலத்தின் கனன்டைகுவா அரைமைல் மண் தடத்தில், சுவரில் மோதி நின்ற காரிலிருந்து இருபது வயது ஓட்டுநர் கெவின் வார்டு இறங்கித் தடத்தில் நடந்தார். எச்சரிக்கை நிலையில் சுற்றிவந்த கார்களுள் ஒன்று அவர்மீது மோத, அவர் இறந்தார். அக்காரை ஓட்டியவர் நாஸ்கார் வாகையரான டோனி ஸ்டூவர்ட். அவர்மீது குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை என்று அடுத்த மாதம் பெருநடுவர் குழு முடிவு செய்தது.

ஆறே நாட்களில், ஆகஸ்ட் 15இல், நாஸ்கார் விதியொன்றை வெளியிட்டது: தீ முதலிய உடனடி ஆபத்து இருந்தாலன்றி, பாதுகாப்புப் பணியாளர் வந்து கூறும்வரை ஓட்டுநர் காரைவிட்டு இறங்கலாகாது. வட்டாரத் தொடர்களும் உள்ளூர்த் தடங்களும் பல அதே காலத்தில் இத்தகைய விதியை அறிவித்தன. கழுத்துப் பிடிப்புக் கருவி சோதனையிலிருந்து கட்டாய விதியாக மாறப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. இவ்விதிக்குச் சில நாட்களே போதுமாயின. இதில் புகழ்பெற்ற ஒருவரின் பெயர் தொடர்புபட்டது ஒரு காரணம். எனினும் எர்ன்ஹார்டின் மறைவைவிடப் பெரிய செய்தி இத்துறையில் இல்லை. அதுவே கருவியை உடனே கட்டாயமாக்கவில்லை. எனவே புகழ் மட்டும் இவ்வேறுபாட்டை விளக்காது. இவ்விதிக்கு எவரும் எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாகிறது.

விதிகள் பெருகிய பின்னரும் இழப்புகள் தொடர்ந்தன. 2013 ஜூன் 12இல் நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்போர்ட் தடத்தில் ஜேசன் லெஃப்லர் கழுத்துக் காயத்தால் இறந்தார். 2016 ஆகஸ்ட் 6இல் கான்சாஸ் மாநிலத்தின் பெல்வில் அரைமைல் தடத்தில் பிரையன் கிளாசனின் கார் உருண்டு நின்றபின் மற்றொரு கார் மோதியது; அவர் மறுநாள் உயிர்நீத்தார். இவ்விருவரும் இண்டியானாபொலிஸ் வரை சென்று ஓட்டியவர்கள். இருவரும் இறந்தது உள்ளூர் மண் தடங்களில்.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யக்கூடியதாக இருந்த கூண்டு கீழிருந்து மேல்நிலை அமைப்புகளுக்குப் பரவியது. இரண்டாவது, ஆய்வகத்தில் பிறந்து விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்த கருவியும் சுவரும் மேலிருந்து புறப்பட்டு, உள்ளூர்த் தடங்களைத் தாமதமாகவும் குறையாகவுமே அடைந்தன. மூன்றாவது, செலவற்ற நடத்தை விதி இரு நிலைகளிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பரவியது.

இறப்பு விதியைத் தூண்டுகிறது என்பது உண்மையே. அவ்விதி எத்தடம்வரை செல்லும் என்பதை இறப்பு தீர்மானிப்பதில்லை. பொது அதிகாரம் இல்லாத களத்தில் அதனைத் தீர்மானிப்பது செலவின் பங்கீடே. வீரம், விதி, விதிவசம் ஆகிய சொற்களால் இவ்விபத்துகளை விளக்கும் வழக்கம் அப்பங்கீட்டை மறைத்துவிடுகிறது. உள்ளூர் விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் வாகையர் பட்டியலோடு, சுவரைக் கட்டும் செலவை யார் ஏற்றார், யார் ஏற்க மறுத்தார் என்பதையும் ஆவணப்படுத்துதல் வேண்டும்.