தீபாவளிக்கு டெக்ஸ், ஆகஸ்ட்டில் ஈரோடு: தமிழ் காமிக்ஸின் ஒரு வருடம் எப்படி ஓடுகிறது?

தீபாவளி நேரத்தில் சிவகாசியிலிருந்து சேலத்துக்கு பார்சல் வருது என்றால் எல்லோருக்கும் பட்டாசுதான் ஞாபகம் வரும். ஆனால் அம்மாபேட்டையிலோ, ராசிபுரத்திலோ, நாமக்கல்லிலோ சில வீடுகளுக்கு அதே சிவகாசியிலிருந்து இன்னொரு பார்சலும் கூரியரில் வரும். பிரிச்சுப் பார்த்தா உள்ளே தொப்பி, துப்பாக்கியோடு ஒரு ரேஞ்சர். பெயர் டெக்ஸ் வில்லர். தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு தலை தீபாவளி, தல தீபாவளி எல்லாம் இவர்தான்.

"என்னது, தமிழ்ல காமிக்ஸ் இன்னும் வருதா?" என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. வருது. மாதாமாதம் வருது. முன்ன மாதிரி பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் போட்டு தொங்குவதில்லை, அதனால் நம்ம கண்ணில் படவில்லை. அவ்வளவுதான். கடையிலிருந்து காமிக்ஸ் எங்கே போச்சு, ஒரு வருடத்தில் எந்த மாதம் என்ன வரும், யார் காசு கொடுத்து இது நடக்குது? பார்க்கலாம்.

எங்கிருந்து தொடங்கியது?

இப்போது முன்னணியில் இருப்பவை லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ். இரண்டுமே சிவகாசி, இரண்டும் ஒரே குடும்பம். எம்.சௌந்திரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனில் 1962-ல் வந்த தொடர் அது. ஆய்வகத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஒருவர், மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரிய, மற்ற உடம்பு மறைந்துவிடும். கரண்ட் கம்பியைப் பார்த்தாலே மாயாவி ஞாபகம் வரும் ஒரு தலைமுறையை உருவாக்கியது இந்தக் கதைதான்.

அவருடைய மகன் எஸ்.விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே ஜூலையில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டோடு வந்து இறங்கியது. விலை ஒன்றரை ரூபாய். ஒரே மாதத்தில் இரண்டு புது காமிக்ஸ் என்றால் அன்றைய பசங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஒரு சின்ன குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ராணி காமிக்ஸ் படித்தவர்கள் 'மாயாவி' என்றால் அது முகமூடி போட்ட ஃபேண்டம். முத்து காமிக்ஸ் படித்தவர்களுக்கு மாயாவி என்றால் இரும்புக்கைதான், ஃபேண்டம் அங்கே வேதாளர். இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொல்லி, வேற வேற ஆளைப் பற்றிச் சண்டை போடுவதை இன்றும் கேட்கலாம்.

ஏன் கடையிலிருந்து காணாமல் போச்சு?

கேபிள் டி.வி. வந்தது. கார்ட்டூன் தமிழ் பேச ஆரம்பித்தது. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. 2007-ல் சுட்டி டி.வி. தொடங்கியபோது, லயனும் முத்துவும் எந்த மாதம் வரும், வராது என்றே சொல்ல முடியாத நிலையில் இருந்தன. சாணித்தாளில் கறுப்பு வெள்ளையில் பத்து ரூபாய்க்கு ஒரு புத்தகம் போட்டு, அதை ஏஜென்ட் மூலம் கடைக்கு அனுப்பி, விற்றதற்குக் காசு எப்போது வரும் என்று காத்திருக்கும் வியாபாரம் அது. விற்காத பிரதி திரும்பி வரும், காசு வராது.

மாற்றம் வந்தது 2012 ஜனவரியில். சென்னை புத்தகக் காட்சியில் 100 ரூபாய்க்கு 'கம்பேக் ஸ்பெஷல்' வெளியானது. அதற்குப் பிறகு பெரிய சைஸ், ஆர்ட் பேப்பர், முழு வண்ணம். 'என் பெயர் லார்கோ' மூலம் பெல்ஜியத்தின் லார்கோ வின்ச் அதே வருடம் தமிழுக்கு வந்தார். அடுத்த ஜனவரியில் முத்து காமிக்ஸின் 40-வது ஆண்டுக்கு 400 ரூபாயில் ஒரு குண்டு புத்தகம். பத்து ரூபாய் புத்தகம் வாங்கிய அதே ஆட்கள்தான் இதையும் வாங்கினார்கள். என்ன, இப்போ அவங்க கையில் சம்பளம் இருந்தது.

விலையைவிட முக்கியமான மாற்றம் காசு வரும் வரிசை. முதலில் சந்தா, பிறகு புத்தகம். முழு வருடத்துக்கு என்னென்ன வரப் போகிறது என்ற அட்டவணையை முன்கூட்டியே அறிவிப்பார்கள். வாசகர் மொத்தமாகக் கட்டுவார், பார்சல் வீட்டுக்கு வரும். ரொம்பப் பெரிய புத்தகம் என்றால் அதற்குத் தனி முன்பதிவு. பெல்ஜியத்தில் 1984-ல் தொடங்கிய எக்ஸ்.ஐ.ஐ.ஐ. தொடரின் 18 பாகங்களையும் ஒரே புத்தகமாக 'இரத்தப் படலம்' என்ற பெயரில் 2010-ல் முன்பதிவில்தான் கொண்டுவந்தார்கள். அதே கதை 2018-ல் வண்ணத்திலும் வந்தது. ஞாபகம் இழந்த ஒருத்தன் தன் பெயரைத் தேடும் கதை. வாசகர்களுக்கு மட்டும் ஒரு பக்கம்கூட மறக்கவில்லை.

வருட காலண்டர்

ஜனவரியில் சென்னை புத்தகக் காட்சி. புது வருடத்தின் பெரிய புத்தகத்தை அங்கேதான் இறக்குவார்கள். ஊரிலிருந்து ரயில் ஏறிப் போய் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். முத்து காமிக்ஸின் பிறந்தநாளும் ஜனவரி என்பதால் ஸ்பெஷலுக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. 2022-ல் அதற்கு 50 வயது முடிந்தது.

ஏப்ரல், மே மாதங்களில் கோடை மலர் போடும் பழக்கம் 80-களிலேயே இருந்தது. முழுப் பரீட்சை லீவுக்குக் குறி வைத்த வெளியீடு. ஜூலை, லயனின் ஆண்டு மலர். 2024 ஜூலையில் அதற்கு 40 வயது.

சேலம், நாமக்கல் பக்கத்து வாசகர்களுக்கு முக்கியமான மாதம் ஆகஸ்ட். ஸ்டாலின் குணசேகரனின் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழா அப்போதுதான். அம்மாபேட்டையில் காலையில் டீ குடித்துவிட்டு பஸ் ஏறினால் மதியத்துக்குள் ஸ்டாலில் நிற்கலாம். காமிக்ஸ் வாசகர் சந்திப்பும் வழக்கமாக ஈரோட்டில் இதே சமயம்தான் நடக்கும். ஆசிரியரிடம் நேருக்கு நேர், "ஏன் சார் இந்த ஹீரோவுக்கு இந்த வருஷம் ஒரே ஒரு புத்தகம்?" என்று வாசகர்கள் கேட்கிற இடம் அது. ஒரு பதிப்பகம் வாசகரிடம் இவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டே நடப்பது வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு தீபாவளி, டெக்ஸ். இத்தாலியில் 1948-ல் ஜியான் லூய்ஜி பொனெல்லியும் ஓவியர் கலெப்பினியும் உருவாக்கிய பாத்திரம். இத்தாலியிலும் இந்த மாதாந்திரத் தொடர் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். அதனால் தமிழில் கறுப்பு வெள்ளையில் வந்தால் 'சிக்கனம் பண்றாங்க' என்று நினைக்க வேண்டாம்.

தமிழ் எப்படி ஏறுகிறது?

மூலப் பதிப்பகத்துக்கு உரிமைத் தொகை கட்டிய பிறகுதான் படங்களின் டிஜிட்டல் கோப்புகள் வரும். எழுத்து நீக்கிய வெற்று பலூன்களோடு. அதில் தமிழை நிரப்ப வேண்டும். இங்கேதான் சிக்கல். பிரெஞ்சில் இரண்டு சின்ன வார்த்தை போதும் இடத்தில், தமிழில் நீளமான ஒரே வார்த்தை பலூனை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதனால் வசனத்தைச் சுருக்குவதே பாதி வேலை. எழுத்தைச் சின்னதாக்கினால் 45 வயது வாசகர் கண்ணாடியைத் தேடுவார்.

பெயர்களும் மாறும். பிரெஞ்சு 'புளூபெர்ரி' இங்கே கேப்டன் டைகர். அவருடைய 'மின்னும் மரணம்' தொகுப்பு 2015-ல் வந்தது. வரைந்தவர் ழான் ஜிரோ, உலகத்துக்கு 'மோபியஸ்' என்று தெரிந்தவர். நம்ம ஊரில் அவர் பெயர் தெரியாதவருக்கும் டைகரின் மூக்கு தெரியும்.

இப்போ என்ன பிரச்சனை?

வாசகர் வயதுதான். சந்தா கட்டுபவர்களில் பெரும்பாலோர் 80-களில் டவுசர் போட்டுக்கொண்டு படித்தவர்கள். அவர்கள் கேட்பது பழைய ஹீரோ, மறுபதிப்பு, டெக்ஸ். சிறுவர்களுக்காக ஸ்மர்ஃப் கதைகள் தமிழில் வந்தன, நிலைக்கவில்லை. பிள்ளைகள் படிக்க வேண்டுமே என்று வாங்குபவர் குறைவு. சந்தா எண்ணிக்கை ஒரு வருடம் குறைந்தால், அடுத்த அட்டவணையிலிருந்து முதலில் காணாமல் போவது புது முயற்சிகள். டெக்ஸ் தப்பித்துவிடுவார். யாருக்கும் தெரியாத ஒரு நல்ல கிராபிக் நாவல் தப்பிக்காது. பழைய வாசகர்களின் ரசனைதான் இந்தத் துறையைக் காப்பாற்றியது. புது வாசகர் உள்ளே வர இடம் குறைவதற்கும் அதுவே காரணம் என்பது கொஞ்சம் கசப்பான விஷயம்.

இன்னொரு குறை, சொந்தக் கதை. நிலா காமிக்ஸ் 'பொன்னியின் செல்வ'னைப் படக்கதையாக்கியது. ஈரானியப் பெண்ணான மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' கோவை விடியல் பதிப்பகம் மூலம் தமிழில் கிடைத்தது. ஆனால் சேலத்திலோ திருச்செங்கோட்டிலோ நடக்கும் ஒரு கதையை, இங்கேயே வரைந்து, மாதாமாதம் வெளியிட ஓவியருக்குக் கூலி கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் முடித்துவைத்த பக்கங்களுக்கு உரிமை வாங்குவதைவிட ஒரு பக்கத்தைப் புதிதாக வரைவிப்பது செலவு அதிகம். கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது.

படிக்கணும்னா எங்கே வாங்குவது?

ஆகஸ்ட்டுக்கு ஈரோடு. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா என்று 2022-ல் அரசு அறிவித்த பிறகு, சேலத்திலேயே புதிய பஸ் நிலையம் பக்கம் திருவிழா நடந்தது. ஆனால் ஒவ்வொரு திருவிழாவிலும் காமிக்ஸ் ஸ்டால் இருக்கும் என்று நம்பிப் போய் ஏமாற வேண்டாம், பதிப்பகத்துக்கு ஒரு போன் அடித்துக் கேட்டுவிட்டுக் கிளம்புங்க. இல்லையென்றால் சிவகாசிக்கு நேரடியாகப் பணம் கட்டி வீட்டுக்கே வரவழைக்கலாம்.

பழைய புத்தகக் கடையில் 80-களின் இதழ் கிடைத்தால் விலையைக் கேட்டு அதிர்ச்சியாக வேண்டாம். சேகரிப்பவர்கள் ஒரு ரூபாய் இதழுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். கதைதான் வேண்டும் என்றால் மறுபதிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்க. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் லக்கி லூக்கில் தொடங்கலாம், டால்டன் சகோதரர்கள் நாலு பேர் உயர வரிசையில் நிற்பதைப் பார்த்தாலே சிரித்துவிடும். டெக்ஸ் கொஞ்சம் பொறுத்து.