க்ஷயரோக நிவாரணமும் காசு வில்லையும்

தருமம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவன சத்திரம், தண்ணீர்ப்பந்தல், அன்னதானம் என்பனவே. இவை கண்ணுக்குப் புலனாகும் தருமங்கள். கட்டியவர் பெயர் கல்லில் நிற்கும். உண்டவர் வாய் வாழ்த்தும். நோய் வருமுன் காக்கும் தருமமோ இத்தன்மையது அன்று. அதனாற் பிழைத்தவன் தான் பிழைத்ததையே அறியான்; ஆதலின் வாழ்த்துவாரும் இலர். இத்தகைய தருமத்திற்குப் பொருள் சேர்ப்பது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை கண்டவர் பெருஞ்செல்வர் அல்லர். தபாலாபீஸில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்த ஓர் உத்தியோகஸ்தரே. அவர் தொடங்கிய சிறு முயற்சியின் சரித்திரத்தையும், அது நம் நாட்டிற்கு வந்த வரலாற்றையும், அதனால் நம் குடும்பங்கள் அறியத்தக்கதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

க்ஷயரோகம், அதாவது காசநோய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களை வாட்டிய பெரும் பிணி. இருபது முப்பது வயதில், உழைத்துக் குடும்பத்தைத் தாங்கவேண்டிய பருவத்தினரையே அது பெரிதும் கொண்டுசென்றது. அது பரம்பரையாக வரும் வியாதி என்றே பலரும் எண்ணினர். அவ்வெண்ணத்தால் விளைந்த கேடு இரண்டு. ஒன்று, வந்த நோயை விதியென்று விட்டுவிடுதல். மற்றொன்று, குலத்திற்கு வசையென்று மறைத்து வைத்தல். 1882-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய வைத்தியர், இந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமியே என்று பலரறிய நிலைநாட்டினார். பரம்பரை என்னும் கொள்கை அன்றே தளர்ந்தது. எனினும் கிருமியைக் கண்டமையால் மருந்து கிடைத்துவிடவில்லை. அதன்பின் ஏறக்குறைய அறுபது வருஷம் வரையில் நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சையாக இருந்தன. இவற்றை ஏழைகளுக்கு அளிப்பதற்குப் பணம் வேண்டியிருந்தது.

டென்மார்க்கு தேசத்துக் கோபன்ஹேகன் நகரில் ஐனர் ஹோல்பெல் என்பவர் தபால் இலாகாவில் வேலை பார்த்துவந்தார். 1903-ம் வருஷம் கிறிஸ்துமஸ் காலத்தில் மலைபோற் குவிந்த வாழ்த்துக் கடிதங்களைக் கண்ட அவர்க்கு ஓர் எண்ணம் உதித்தது. இத்தனை கடிதங்களில் ஒவ்வொன்றின் மீதும் தபால் தலையோடு மற்றொரு சிறு வில்லையையும் ஒட்டினால், ஒட்டுகின்றவர்க்குச் செலவு தெரியாது. சேரும் தொகையோ பெரிதாகும் என்பதே அவ்வெண்ணம். அவ்வில்லை தபாற்கூலி ஆகாது. தருமத்திற்கு ஓர் அடையாளம் மட்டுமே. அரசர் ஒன்பதாம் கிறிஸ்டியன் இம்முயற்சிக்கு இணங்கவே, காலஞ்சென்ற லூயிஸ் அரசியின் திருவுருவம் பொறித்த வில்லைகள் 1904-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் வெளிவந்தன. விலை இரண்டு ஓரே. அந்நாட்டு நாணயத்தில் மிகச் சிறிய காசு. முதல் வருஷத்திலேயே 40 லக்ஷத்துக்கு மேற்பட்ட வில்லைகள் விலைபோயின. இவ்வாறு திரண்ட பொருளைக்கொண்டு, க்ஷயரோகம் பற்றிய குழந்தைகளுக்காகக் கோல்டிங் என்னும் ஊரில் ஒரு சானட்டோரியம் எழுப்பப்பட்டு 1911-ம் வருஷத்தில் திறக்கப்பட்டது. அதனைக் கட்டியவர் யார் என்று கேட்டால், பெயர் சொல்ல இயலாது. கடிதம் எழுதிய ஊரார் அனைவருமே கட்டினர்.

கடல் கடந்து அமெரிக்காவிற்கு இவ்வெண்ணம் சென்ற வகையும் அறியத்தக்கது. டெலவேர் மாகாணத்து வில்மிங்டன் நகரில், பிராண்டிவைன் ஆற்றங்கரையில், ஏழை நோயாளிகள் சிலரை வைத்துப் பார்த்த ஒரு சிறு குடில் இருந்தது. அதனை நடத்திய டாக்டர் ஜோசப் வேல்ஸ் என்பார், 300 டாலர் கிடையாவிடின் குடிலை மூடவேண்டியதே என்னும் நிலையில், தம் உறவினராகிய எமிலி பிஸல் அம்மையாரிடம் முறையிட்டார். அவ்வம்மையார் செஞ்சிலுவைச் சங்கத்தில் தொண்டு புரிந்தவர். டென்மார்க்கு வில்லையைப் பற்றி ஜேக்கப் ரீஸ் என்னும் பத்திரிகையாசிரியர் எழுதிய கட்டுரையை 1907-ம் வருஷத்தில் படித்த அவர், தாமே ஒரு வில்லைக்குப் படம் வரைந்தார். 40 டாலர் கடன் வாங்கி 50,000 வில்லைகளை அச்சிடுவித்தார். ஒரு வில்லையின் விலை ஒரு செண்டு. தொடக்கத்தில் விற்பனை மந்தமாகவே இருந்தது. பின்னர் பிலடெல்பியா நகரத்து நாளிதழ் ஒன்று இதனைத் தன் காரியமாக மேற்கொண்டு எழுதத் தொடங்கிய பின்பு நிலைமை மாறியது. 300 டாலர் கேட்டவர்க்கு ஏறத்தாழ 3,000 டாலர் கிடைத்தது. அடுத்த வருஷமே செஞ்சிலுவைச் சங்கத்தார் நாடு முழுதும் வில்லை விற்றனர். 1920-ம் வருஷம் முதல் அப்பொறுப்பு அந்நாட்டுக் க்ஷயரோகச் சங்கத்தையே சார்ந்தது.

அன்பர்கள் ஈண்டு ஒன்றை நோக்கவேண்டும். ஒரு தனவந்தர் 300 டாலரைக் கொடுத்திருந்தால் குடில் பிழைத்திருக்கும். வில்மிங்டன் நகரத்தார் க்ஷயரோகத்தைப் பற்றி ஒன்றும் அறியாமலே இருந்திருப்பர். ஒரு செண்டு கொடுத்த ஒவ்வொருவரும், "இஃது எதற்கு?" என்று ஒருமுறையேனும் கேட்டனர். கேட்டவர்க்கு விடை சொல்லவேண்டியிருந்தது. கண்ட இடத்தில் துப்பலாகாது, இருமும்போது வாயை மூடுக, ஜன்னலைத் திறந்து உறங்குக, இருமல் நீடித்தால் வைத்தியரைக் காண்க என்னும் உபதேசங்கள் வில்லையோடு வீடுதோறும் சென்றன. வசூலும் உபதேசமும் ஒரே வண்டியிற் பூட்டிய இரண்டு காளைகளாயின.

குழந்தைகளிடத்தில் இம்முறை இன்னும் அழகாகப் பலித்தது. 1915-ம் வருஷம் முதல் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் வில்லை விற்று, "ஆரோக்கிய வீரர்" என்று பொருள்படும் பட்டம் பெற்றனர். பின்னர், விற்பனை மட்டும் போதாதென்று, நாள்தோறும் செய்யவேண்டிய கடமைகளும் வகுக்கப்பட்டன. உண்ணுமுன் கைகழுவுதல், பல் துலக்குதல், திறந்த வெளியில் விளையாடுதல், போதிய நேரம் உறங்குதல் முதலியவற்றைச் செய்து, செய்ததைத் தாமே சீட்டில் குறித்துவந்த பிள்ளைகள் படிப்படியாக உயர்ந்த பட்டங்களைப் பெற்றனர். பிள்ளையின் சீட்டைக் கண்டு பெற்றோரும் ஜன்னலைத் திறக்கக் கற்றனர்.

இம்முயற்சியில் குறையே இல்லையென்று கூறுவது சரித்திரமாகாது. "தொற்றும்" என்னும் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, "எவ்வாறு தொற்றும்" என்பதை அறியாத ஜனங்கள் நோயாளியை வெறுக்கலாயினர். வாடகைக்கு வீடு மறுத்தனர், வேலை மறுத்தனர். முன்னே பரம்பரை என்று அஞ்சி மறைத்தனர். பின்னே தொற்று என்று அஞ்சி மறைத்தனர். காரணம் மாறியது, மறைத்தல் மாறவில்லை. பாதி அறிவு முழு அறியாமையினும் கொடிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி நம் தேசத்திற்கு வருவோம். இங்கே ஆரம்பத்தில் மிஷன் ஆஸ்பத்திரிகளும் தனி வைத்தியர்களுமே இப்பணியைத் தாங்கினர். மதனபள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் பல மிஷன்கள் கூடி நடத்திய சானட்டோரியத்தைப் பெருக்கியவர் பிரிமாட் மொல்லர் என்னும் வைத்தியர். அவரும் வில்லை பிறந்த டென்மார்க்கு தேசத்தவரே என்பது வியக்கத்தக்க பொருத்தம். சென்னைக்கு அருகில் தாம்பரத்தில் டாக்டர் சவரி முத்து அவர்கள் 1928-ம் வருஷத்தில் ஒரு சானட்டோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அதனை அரசாங்கத்தார் ஏற்றனர். அவ்விடத்து இரயில் நிலையம் இன்றும் சானட்டோரியம் என்றே பெயர் வழங்குகிறது. லின்லித்கோ சீமாட்டியார் விடுத்த வேண்டுகோளுக்குப் பின்னர் 1939-ல் இந்தியக் காசநோய்ச் சங்கம் நிறுவப்பெற்றது. அச்சங்கத்தார் 1950-ம் வருஷம் முதல் காசநோய் வில்லைகளை விற்கத் தொடங்கினர். காந்தியடிகள் பிறந்த நாளாகிய அக்டோபர் 2-ந் தேதி அவ்வசூலைத் தொடங்குதல் வழக்கமாயிற்று. கோபன்ஹேகனில் கிறிஸ்துமஸ் கடிதத்தில் ஒட்டிய வில்லை, இவ்வாறு நம் நாட்டுக் கடிதங்களிலும் ஏறியது.

இதற்குள் மருந்துகளும் தோன்றின. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-ல் ஐசோனியாஸிடும் வைத்தியத்தின் போக்கையே மாற்றின. அப்போது எழுந்த கேள்வி யாதெனில், ஏழை நோயாளிக்குச் சானட்டோரியப் படுக்கை கிடையாவிடின், நெருக்கடியான வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் பலிக்குமா என்பது. இதற்கு விடை கண்டது நம் சென்னை மாநகரமே. 1956-ல் இங்கே நிறுவப்பட்ட ஆராய்ச்சி நிலையத்தார், 193 நோயாளிகளை இரு வகுப்பாகப் பிரித்து, ஒரு வகுப்பாரைச் சானட்டோரியத்திலும் மற்றொரு வகுப்பாரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் குறைந்த உணவே உண்டனர். சிறிய அறைகளில் பலரோடு உறங்கினர். ஆயினும் குணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உடனிருந்த உறவினர்க்கும் அதனால் அதிக அபாயம் நேரவில்லை. சிகிச்சை தொடங்குமுன் நோய் பரவுவதே பெரிது. தொடங்கிய பின் பரவுவது விரைவில் அடங்கிவிடுகிறது. 1959-ல் வெளியான இம்முடிவு உலகமெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. நோயாளியை ஊருக்குப் புறம்பே ஒதுக்கவேண்டும் என்னும் வாதம் அன்றே வேரற்றது.

வேரற்றும் அது நம் வீடுகளில் பட்டுப்போகவில்லை என்பதே வருந்தத்தக்கது. உலகச் சுகாதார நிறுவனத்தார் கணக்கின்படி 2023-ம் வருஷத்தில் உலகில் 1 கோடியே 8 லக்ஷம் பேர் இந்நோய்வாய்ப்பட்டனர். பன்னிரண்டரை லக்ஷம் பேர் மாண்டனர். நோயுற்றோரில் நான்கில் ஒரு பங்கினர் நம் தேசத்தவர். மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். சாதாரண வகைக்கு ஆறு மாதம் உட்கொண்டாற் போதும். இருந்தும் ஏன் மறைக்கின்றோம்? பெண்ணின் கல்யாணப் பேச்சு கலைந்துவிடும், சம்பந்தி வீட்டார் ஏசுவர், உறவினர் பந்தியில் தனி இலை போடுவர் என்னும் அச்சமே காரணம். இவ்வச்சத்தை உண்டாக்குகின்றவர் அயலார் அல்லர், நம்முள் நாமே. ஆதலின் இதனை நீக்க வல்லவரும் நாமே.

ஆகவே நம் குடும்பத்தினர் மனத்திற் கொள்ளவேண்டுவன சில. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தாலோ, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, கோழையில் இரத்தம் இவை கண்டாலோ தாமதியாமல் கோழையைச் சோதிப்பிக்க வேண்டும். இந்நோய் காற்றின் வழியே பரவுவது. தட்டு, தம்ளர், துணி இவற்றால் அன்று. எனவே பாத்திரத்தைப் பிரிப்பதை விட்டு ஜன்னலைத் திறத்தலே அறிவுடைமை. ஒரு திங்களில் உடம்பு தேறியதென்று மருந்தை நிறுத்துவோர், மருந்துக்கு அடங்காத கிருமியைத் தாமே வளர்ப்போராவர். நீரிழிவும் புகைபிடித்தலும் இந்நோய்க்கு வாயிலைத் திறந்து வைப்பன. நோயாளியுடன் வாழ்வோரும், சிறப்பாகக் குழந்தைகளும், வைத்தியரைக் கண்டு தடுப்பு மருந்தைப் பற்றிக் கேட்டறிதல் வேண்டும்.

உணவைப் பற்றித் தனியே ஒரு சொல். ஜார்க்கண்ட் மாகாணத்தில் நடந்து 2023-ல் முடிவு வெளியான ஓர் ஆராய்ச்சியில், நோயாளியின் வீட்டார்க்கு அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரை இவற்றைத் தொடர்ந்து அளித்ததனால், அவ்வீடுகளில் புதிதாக நோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. பிறர்க்குத் தொற்றவல்ல வகையோ நூற்றுக்கு 48 பங்கு குறைந்தது. அன்னதானம் நாம் அறியாத தருமமன்று. திருவிழாவில் ஒரு நாள் ஆயிரம் பேர்க்கு இடுவதோடு, நோயுற்ற ஒரு வீட்டிற்கு ஆறு மாதம் அரிசியும் பருப்பும் அனுப்புவதும் அன்னதானமே. 2022-ம் வருஷத்தில் அரசாங்கத்தார் தொடங்கிய திட்டத்தின்படி தனி மனிதரும் சங்கங்களும் ஒரு நோயாளியை ஏற்று உணவளிக்க வழி ஏற்பட்டது. பத்துக் குடும்பங்கள் கூடின் ஒரு நோயாளியின் குடும்பத்தைத் தாங்குதல் அரிதன்று.

ஹோல்பெல் என்பார் கேட்டது இரண்டு ஓரே. பிஸல் அம்மையார் கேட்டது ஒரு செண்டு. அவர்கள் சேர்த்த பணம் செலவழிந்து போயிற்று.  மறையாமல் நின்றது, ஊரார் அனைவரும் கூசாமல் ஒரு நோயின் பெயரைச் சொல்லக் கற்றதே. நம்மிடம் இன்று கேட்கப்படுவதும் அதுவே. சிறு காசு கொடுப்போம். அதனோடு, நம் வீட்டில் ஒருவர்க்கு இந்நோய் கண்டால், பின்கட்டு அறையில் ஒளிக்காமல் பகல் வெளிச்சத்தில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வோம். குணமடைந்து திரும்பும் பெண்ணை மருமகளாக ஏற்க முன்வரும் குடும்பம் ஒன்று நம்மிடையே தோன்றுமாயின், அஃது ஆயிரம் வில்லைக்கு மேலான தருமமாம்.